மெட்லைன்ப்ளஸ் ஸ்பானிஷ் சேவை: ஒரு மதிப்புரை

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் பொதுமக்களுக்காக நடத்திவரும் மெட்லைன்ப்ளஸ் இணையதளம் தமிழ் வாசகர்களில் பலருக்கும் பழக்கமானதுதான். ஒரு மாத்திரையின் பெயரையோ, ரத்தப் பரிசோதனை அறிக்கையில் உள்ள விளங்காத ஒரு சொல்லையோ தேடினால், முதல் சில முடிவுகளுக்குள் பெரும்பாலும் அது வந்துவிடும். அந்தத் தளத்தின் ஸ்பானிஷ் வடிவம் அத்தனை பேருக்குத் தெரிந்திருக்காது. அமெரிக்காவில் மருத்துவராகவும் செவிலியராகவும் மருந்தாளுநராகவும் பணியாற்றும் தமிழர்கள், குறிப்பாக டெக்சாஸ், கலிஃபோர்னியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் இருப்பவர்கள், ஸ்பானிஷ் மட்டுமே பேசும் நோயாளிகளை அடிக்கடி சந்திக்கிறார்கள் என்பதால், இந்தச் சேவை எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்பதைச் சற்று விரிவாக எழுதலாம் என்று தோன்றியது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளிகளுக்கென்று ஸ்பானிஷில் இலவசமாகக் கிடைக்கும் தகவல் சேவைகளில் இவ்வளவு பரந்ததும், விளம்பரமில்லாததும், நம்பத்தக்கதுமான இன்னொன்றைக் காட்டுவது கடினம். ஆனால் இது ஆங்கிலத்தில் எழுதப்பட்டதை ஸ்பானிஷில் தரும் சேவையே தவிர, ஸ்பானிஷ் பேசும் நோயாளியின் வீட்டிலிருந்து புறப்பட்ட சேவை அல்ல. இதன் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஒரே காரணத்திலிருந்துதான் பிறக்கின்றன.

இந்தச் சேவையின் பின்னால் இருக்கும் நிறுவனம் சாதாரணமானதல்ல. மேரிலாந்து மாநிலத்தின் பெதெஸ்டாவில் இருக்கும் தேசிய மருத்துவ நூலகம், 1836ல் அமெரிக்க ராணுவத்தின் தலைமை மருத்துவர் அலுவலகத்தில் இருந்த சிறிய புத்தகத் தொகுப்பாகத் தொடங்கி, இன்று தேசிய சுகாதார நிறுவனங்களின் ஒரு பகுதியாக இயங்குகிறது. மருத்துவ ஆய்விதழ்களின் சுருக்கங்களைக் கொண்ட தன் தரவுத்தளத்தை 1997 ஜூனில் பப்மெட் வழியாக எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டபோது, அதைத் தேடி வந்தவர்களில் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் மட்டுமல்லாமல், தங்களுக்கோ தங்கள் வீட்டாருக்கோ வந்த நோயைப் பற்றி அறிய விரும்பிய பொதுமக்களும் கணிசமாக இருந்தார்கள். ஆய்விதழ்ச் சுருக்கம் அவர்களுக்கு ஏற்ற உணவல்ல என்பதால், 1998 அக்டோபரில் 22 தலைப்புகளோடு மெட்லைன்ப்ளஸ் தொடங்கப்பட்டது. ஸ்பானிஷ் வடிவம் 2002 செப்டம்பரில் வந்தது. இப்போது இரு மொழிகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோய், உடல்நலத் தலைப்புகள் உள்ளன.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு ஓரிரு எண்கள் போதும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க, ஸ்பானிய மரபினர் 6.2 கோடிப் பேர்; வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் 4 கோடிக்கும் மேல். இவர்களில் பெரும்பகுதியினருக்கு ஆங்கிலமும் நன்றாகத் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் கடைத்தெருவில் சமாளிக்கும் ஆங்கிலம் வேறு, இன்சுலின் அளவை மாற்றச் சொல்லும் தாளைப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம் வேறு. 2003ல் அமெரிக்கக் கல்வித் துறை நடத்திய வயதுவந்தோர் எழுத்தறிவு மதிப்பீட்டில், உடல்நலம் சார்ந்த எழுத்துகளைப் படித்துப் பயன்படுத்தும் திறன் அடிப்படை நிலைக்கும் கீழே இருந்தவர்கள் லத்தீன் மரபினரில் 41 சதவீதம். அந்த மதிப்பீடு ஆங்கிலத்தில் நடந்தது. ஆகவே அவர்கள் ஸ்பானிஷில் எப்படிப் படிப்பார்கள் என்பதை அது சொல்லவில்லை. மொழி தெரியாதது ஒரு சிக்கல், எந்த மொழியிலும் நீளமாகப் படித்துப் பழக்கமில்லாதது இன்னொரு சிக்கல். மெட்லைன்ப்ளஸ் முதல் சிக்கலை மிக நன்றாகத் தீர்க்கிறது. இரண்டாவதைப் பாதிதான் தொடுகிறது.

இரண்டாம் வகை நீரிழிவுக்கான பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வயதுவந்தோருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு 40 சதவீதம் என்றும், லத்தீன் மரபினருக்கு அது 50 சதவீதத்துக்கும் மேல் என்றும் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசி கூறுவதால், ஸ்பானிஷ் சேவையைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான தலைப்பு இல்லை. பக்கத்தின் மேலே நூலகமே எழுதிய சுருக்கம் இருக்கிறது: நோய் என்ன, ஏன் வருகிறது, யாருக்கு வரக்கூடும், அறிகுறிகள் எவை, எப்படிக் கண்டறிவது, எப்படிக் கட்டுப்படுத்துவது. வாக்கியங்கள் குறுகியவை, வாசகரை முழுவதும் மரியாதையோடு விளிப்பவை. அதன் கீழே அரசு நிறுவனங்களும் மருத்துவச் சங்கங்களும் ஸ்பானிஷில் வெளியிட்டுள்ள பக்கங்களுக்கான இணைப்புகள் வகை பிரித்துத் தரப்பட்டுள்ளன. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவருக்காக ‘இங்கே தொடங்குங்கள்’ என்றொரு பகுதி தனியாக இருக்கிறது. இணைப்புகளை நூலகத்தினர் தேர்ந்தெடுக்கிறார்கள். மருந்து நிறுவனத்தின் விளம்பரமோ, மூலிகைப் பொடி விற்பவரின் கட்டமோ எங்கும் கண்ணில் படாது. உடல்நலச் செய்தி என்ற பெயரில் இணையத்தில் என்னென்ன உலவுகிறது என்று பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்த வெறுமையே பெரிய ஆறுதல்.

பக்கத்தின் மேலே இருக்கும் மொழிப் பொத்தான்தான் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி என்பேன். அதை அழுத்தினால் முகப்புக்குத் தூக்கி எறியாமல், அதே தலைப்பின் ஆங்கிலப் பக்கத்துக்கு நேராகக் கொண்டுபோகிறது. திரும்பவும் அழுத்தினால் ஸ்பானிஷுக்கு. சிறிய வசதிதான், ஆனால் மருத்துவமனையில் இதன் பயன் பெரிது. ஆங்கிலம் மட்டும் அறிந்த செவிலியர், நோயாளிக்குத் தான் கொடுக்கப்போகும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வரிக்கு வரி முன்கூட்டியே படித்துவிட முடிகிறது. தனக்குப் புரியாத மொழியில் உள்ள ஒன்றை நம்பி ஒரு நோயாளியின் கையில் கொடுப்பதற்கு எந்தப் பொறுப்புள்ள மருத்துவப் பணியாளரும் தயங்குவார். அந்தத் தயக்கம் இங்கே நீங்குகிறது. இரு மொழியும் பேசும் மகள் ஒருத்தி ஆங்கிலத்தில் படித்ததைத் தாய் ஸ்பானிஷில் சரிபார்த்துக்கொள்ளவும் முடியும்.

பிள்ளைகள் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பது குடியேறிய குடும்பங்களில் அன்றாட வழக்கம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் தன் தாயின் கர்ப்பப்பை நோயை மருத்துவருக்கு விளக்கும் நிலை யாருக்கும் நல்லதல்ல என்பதாலேயே, 2010ல் இயற்றப்பட்ட ஒபாமா காலச் சுகாதாரச் சட்டத்தின் 1557ஆம் பிரிவின் கீழ் 2016ல் வந்த விதிகள், அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை மொழிபெயர்ப்பாளர்களாகப் பயன்படுத்தக் கூடாது என்றன. மெட்லைன்ப்ளஸ் பக்கம் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளருக்கு மாற்றாகாது. மருத்துவர் பேசியதற்குப் பிறகு வீட்டில் நிதானமாகப் படிக்கத்தான் அது. முதல் சந்திப்பில் நோயைப் புரியவைக்க அல்ல. இந்த வேறுபாட்டை மறந்து, மொழிபெயர்ப்பாளரை அழைக்கச் சோம்பல்பட்டு அச்சிட்ட தாளை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அரசாங்கத்தின் ஸ்பானிஷ் என்றாலே தரம் உறுதி என்று எண்ணிவிட முடியாது. காப்பீட்டில் சேர்வதற்கான அரசுத் தளத்தின் ஸ்பானிஷ் வடிவம் 2013 டிசம்பரில், ஆங்கிலத் தளத்துக்கு இரண்டு மாதங்கள் பின்தங்கி வந்தபோது, அதன் மொழி எந்திரம் பெயர்த்தது போல இருக்கிறது என்று பலரும் குறைகூறினார்கள்; சில இணைப்புகள் ஆங்கிலப் பக்கங்களில் போய் முடிந்தன. அதோடு ஒப்பிட்டால் மெட்லைன்ப்ளஸின் ஸ்பானிஷ் பண்பட்டது. மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, கொலம்பியா என்று ஊருக்கு ஊர் நோயின் பெயரே மாறும் மொழியில், எந்த நாட்டவருக்கும் அந்நியமாகத் தோன்றாத ஒரு நடுநிலை நடையை அது பிடித்திருக்கிறது. பல தலைப்புகளின் கீழ் அந்த நோய்க்கு வழங்கும் மாற்றுப் பெயர்களும் தரப்பட்டுள்ளதால், தன் ஊர்ப் பெயரால் தேடுகிறவரும் வழி தவறுவதில்லை. நடுநிலை நடைக்கு உரிய வறட்சியும் உண்டு. அதை நான் பெரிய குறையாகக் கருதவில்லை.

மருந்துப் பகுதி தனியாகப் பேச வேண்டியது. அமெரிக்க மருத்துவமனை மருந்தாளுநர் சங்கம் தயாரிக்கும் நோயாளர் துண்டறிக்கைகளே இங்கே இரு மொழிகளிலும் இடம்பெறுகின்றன. தலைப்புகள் எல்லாம் கேள்விகளாக இருக்கின்றன: இந்த மருந்து எதற்காகத் தரப்படுகிறது, எப்படிச் சாப்பிட வேண்டும், என்ன முன்னெச்சரிக்கை தேவை, ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது, பக்க விளைவுகள் எவை, அளவு மீறினால் என்ன ஆகும். மருந்துக் கடையில் தரப்படும் பொடி எழுத்துத் தாளைவிட இது எவ்வளவோ மேல். ஒரே வரிசையில் எல்லா மருந்துகளுக்கும் இதே கேள்விகள் வருவதால், இரண்டு மூன்று பக்கங்களைப் படித்தவருக்கு நாலாவது பக்கத்தில் தனக்கு வேண்டியது எங்கே இருக்கும் என்பது தெரிந்துவிடுகிறது.

ஆனால் ஒரு குறை. காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் விழுங்கும் பாராசிட்டமால் அமெரிக்காவில் அசெட்டமினோஃபென் என்றே வழங்குகிறது. இந்தியாவிலிருந்து புதிதாகப் போகும் நம்மவர்கள் இதில் குழம்புவதைப் போலவே மெக்சிகோவிலிருந்து வருபவர்களும் குழம்புகிறார்கள். அங்கேயும் அது பாராசிட்டமால்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையையும், இங்கே வாங்கிய சளி மருந்தையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர், ஒரே மருந்தை இருமுறை எடுத்துக்கொள்கிறோம் என்பதை அறியாமலே கல்லீரலைக் கெடுத்துக்கொள்ளக்கூடும். மெட்லைன்ப்ளஸ் பக்கத்தில் பாராசிட்டமால் என்ற பெயர் இருக்கிறது; ஆனால் வணிகப் பெயர்களின் நீண்ட பட்டியலுக்கும் பின்னால், பக்கத்தின் அடியில், ‘வேறு பெயர்கள்’ என்ற பகுதியில் கிடக்கிறது. ஆங்கில வாசகருக்கு அது அங்கே இருந்தால் போதும். ஸ்பானிஷ் வாசகருக்கு அது முதல் வரியில் இருந்திருக்க வேண்டும். ஆங்கிலப் பக்கத்தின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்வதால் வரும் இழப்பு இதுதான்: சொற்கள் எல்லாம் சரியாக மாறியிருக்கின்றன, ஆனால் எது முக்கியம் என்ற வரிசை மாறவில்லை.

இதைவிடக் கடுமையான இடைவெளி மெட்டமிசோல் விஷயத்தில். நம் நாட்டில் அனால்ஜின் என்ற பெயரில் அறியப்பட்ட அதே மருந்து. 2013ல் இந்திய அரசு அதை நிறுத்திவைத்ததும், 2014ல் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதித்ததும் சிலருக்கு நினைவிருக்கலாம். ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களை அரிதாக, ஆனால் அடியோடு குறைத்துவிடக்கூடியது என்பதால் அமெரிக்காவில் 1977ல் விலக்கப்பட்டது. மெக்சிகோவிலும் தென் அமெரிக்க நாடுகள் பலவற்றிலும் அது வீட்டு அலமாரியில் இருக்கும் சாதாரணக் காய்ச்சல் மருந்து. எல்லையைத் தாண்டிப் பைகளில் வந்து, அமெரிக்க வீடுகளிலும் குழந்தைகளுக்குத் தரப்படுகிறது. மெட்லைன்ப்ளஸின் மருந்துப் பகுதியோ அமெரிக்காவில் விற்பனையாகும் மருந்துகளுக்கான துண்டறிக்கைகளின் தொகுப்பு. சட்டப்படி விற்பனையில் இல்லாததற்கு அங்கே துண்டறிக்கை எழுதப்படாது. ஸ்பானிஷ் பேசும் ஒரு தாய்க்கு மிகவும் தேவைப்படக்கூடிய எச்சரிக்கை ஒன்று, ஆங்கிலத்தில் தேவைப்படாததால் ஸ்பானிஷிலும் பிறக்காமல் போகிறது.

நாட்டு வைத்தியத்திலும் இதே கதை. உண்டது வயிற்றில் ஒட்டிக்கொண்டு குழந்தைக்கு நோய் வருகிறது என்ற நம்பிக்கை மெக்சிகோ மரபினரிடம் ஆழமாக உண்டு, எம்பாச்சோ என்பார்கள். நம் வீடுகளில் குழந்தைக்கு மாந்தம் என்று சொல்வதை இதற்குப் பக்கத்தில் வைக்கலாம். அதற்குக் கொடுக்கப்படும் கிரேட்டா, அசார்க்கோன் என்ற மஞ்சள், ஆரஞ்சு நிறப் பொடிகளில் ஈயம் 90 சதவீதம் வரைகூட இருக்கக்கூடும் என்று சிடிசி எச்சரித்திருக்கிறது. அமெரிக்கக் குழந்தைகளின் ஈய நஞ்சு பற்றிப் பேசும் பக்கங்கள் பெரும்பாலும் பழைய வீட்டுச் சுவர்களின் வண்ணப்பூச்சிலிருந்து தொடங்குகின்றன, அது நியாயமும்கூட. ஆனால் பாட்டி தரும் பொடியைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய வாசகருக்கு அந்தப் பொடியின் பெயரே முதலில் கண்ணில் பட வேண்டும். மெட்லைன்ப்ளஸின் தலைப்புப் பட்டியல் இரு மொழிகளுக்கும் பொதுவானது என்பதால், இத்தகைய ஒன்று தனித் தலைப்பாக எழ வழியில்லை.

கலைக்களஞ்சியப் பகுதியில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. இவற்றை நூலகம் எழுதுவதில்லை, ஏ.டி.ஏ.எம். என்ற தனியார் நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்று வெளியிடுகிறது. ஸ்பானிஷ் கட்டுரை ஒவ்வொன்றின் அடியிலும் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற தேதியும், ஆங்கில வடிவத்தைச் சரிபார்த்த மருத்துவரின் பெயரும், மொழிபெயர்ப்பைச் செய்தது டாக்டர்டேங்கோ என்ற நிறுவனம் என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். இந்த நேர்மையைப் பாராட்டுகிறேன், ஏனென்றால் யார் பெயர்த்தார்கள் என்பதையே மறைத்துவிடும் தளங்கள்தான் அதிகம். அதே வேளையில் அந்தக் குறிப்பைக் கூர்ந்து படிக்க வேண்டும். மருத்துவர் சரிபார்த்தது ஆங்கிலத்தை. தேதியும் அந்தச் சரிபார்ப்புக்குரியது. ஸ்பானிஷ் வாக்கியங்களை இன்னொரு மருத்துவர் படித்தாரா, எப்போது படித்தார் என்பதற்கு அங்கே இடமில்லை. கலைக்களஞ்சியக் கட்டுரைகளின் நடையும் தலைப்புப் பக்கங்களின் நடையைவிட இறுக்கமானது. உடற்கூறுச் சொற்கள் நெருக்கமாக வரும் அறுவைச் சிகிச்சைக் கட்டுரைகளைப் பள்ளிப் படிப்பை நடுவில் விட்ட ஒருவர் தானாகப் படித்து முடிப்பார் என்று நான் எதிர்பார்க்கமாட்டேன்.

எந்த ஆங்கிலப் பக்கத்தையும் கைபேசியே ஸ்பானிஷில் மாற்றித் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்புவோருக்கு எழுதித்தரப்படும் அறிவுரைகளைக் கூகுள் மொழிபெயர்ப்பில் இட்டுப் பார்த்து, 2019ல் வெளியிட்ட முடிவு இது: ஸ்பானிஷில் 92 சதவீத வாக்கியங்களும் சீனத்தில் 81 சதவீத வாக்கியங்களும் சரியாக இருந்தன, ஸ்பானிஷ் வாக்கியங்களில் 2 சதவீதம் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய பிழை கொண்டவை. எந்திரம் அதற்குப் பின் முன்னேறியிருக்கிறது. ஆனாலும் நூறில் இரண்டு எந்த இரண்டு என்பது படிப்பவருக்குத் தெரியாது என்பதுதான் தொல்லை. ஒருமுறை மனிதர்கள் பெயர்த்துத் திருத்தி வைத்த பக்கம், யார் எத்தனை முறை திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும். பிழை இருந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். அந்த ஒரு காரணத்துக்காகவே மெட்லைன்ப்ளஸ் இன்றும் தேவை என்பேன்.

தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மருத்துவப் பரிசோதனைகள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஏ1சி பரிசோதனையின் பக்கத்தை எடுத்துக்கொண்டால், அது என்ன, எதற்காக எடுக்கிறார்கள், எனக்கு ஏன் தேவை, ரத்தம் எடுக்கும்போது என்ன நடக்கும், வெறும் வயிற்றோடு போக வேண்டுமா, ஆபத்து உண்டா, முடிவுக்கு என்ன பொருள் என்று, நோயாளி வெட்கப்பட்டுக் கேட்காமல் விடும் கேள்விகள் எல்லாம் வரிசையாக வருகின்றன. 5.7க்குக் கீழே என்றால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் நீரிழிவு என்று எண்களும் தெளிவாக உள்ளன. முடிவு நேராகக் கைபேசிக்கு வந்துவிடும் இக்காலத்தில், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே அதைத் திறந்து பார்த்துப் பதறுகிறவருக்கு இதைவிட நிதானமான பக்கம் கிடைக்காது. இந்தப் பகுதி தளத்தின் மற்றப் பகுதிகளுக்குப் பிறகு சேர்க்கப்பட்டது. பிறகு வந்ததாலோ என்னவோ, இரு மொழிகளிலும் ஒரே அளவு இயல்பாகப் படிக்க வருகிறது.

படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு என்ன இருக்கிறது என்றால், குறைவாகவே இருக்கிறது. சில குறும்படங்கள் ஸ்பானிஷிலும் உள்ளன. தொடக்க ஆண்டுகளில் படமும் குரலுமாக, திரையைத் தொடத்தொட மெல்ல நகரும் பாடங்கள் பல நோய்களுக்கும் இருந்தன. அவை பின்னர் நீக்கப்பட்டுவிட்டன. தொழில்நுட்பம் பழசாகிப்போயிருக்கலாம், ஆனால் அந்த இடத்தை நிரப்பும் அளவுக்கு வேறொன்றும் வரவில்லை. எழுதப்பட்டதைவிடச் சொல்லக் கேட்டுப் பழகிய முதியவர்கள் நிறைந்த ஒரு சமூகத்துக்கு இது உண்மையான இழப்பு. இந்த ஒரு விஷயத்தில் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மேல்: அதன் ஸ்பானிஷ் தளம் புற்றுநோய் ஒன்றுக்கே உரியது என்றாலும், அதன் தகவல் தொலைபேசியில் ஸ்பானிஷ் பேசும் ஆளே பதில் சொல்கிறார். மெட்லைன்ப்ளஸில் பேச ஆளில்லை.

கைபேசியில் தளம் நன்றாகவே வேலை செய்கிறது. இது சிறிய விஷயமல்ல. வீட்டில் அகலப்பட்டை இணைப்பு இல்லாமல் கைபேசியை மட்டுமே நம்பியிருப்போர் லத்தீன் மரபினரில் 25 சதவீதம், வெள்ளையரில் 12 சதவீதம் என்று பியூ ஆய்வு மையம் 2021ல் கண்டது. எந்தத் திரைக்கும் ஏற்ப மடங்கிக்கொள்ளும் வடிவமைப்பை மெட்லைன்ப்ளஸ் 2015லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. பக்கங்கள் கனமற்றவை, விரைவில் திறக்கும்.

வெளி இணைப்புகளைப் பொறுத்தவரை, ஸ்பானிஷ் வாசகருக்குக் கிடைப்பது ஆங்கில வாசகருக்குக் கிடைப்பதைவிட மெலிந்த பட்டியல். மற்ற நிறுவனங்கள் ஸ்பானிஷில் வெளியிட்டால்தானே நூலகம் அதைச் சுட்ட முடியும்? மருந்துச் சோதனைகளின் பதிவேடான கிளினிக்கல்ட்ரயல்ஸ் தளத்தின் பதிவுகள் ஆங்கிலத்தில் இருப்பதால், புதிய சிகிச்சை ஒன்றின் சோதனையில் சேர விரும்பும் நோயாளி ஸ்பானிஷ் பக்கத்தில் தொடங்கினாலும் ஆங்கிலத்தின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. குழந்தை நலத்துக்கு நெமூர்ஸ் நிறுவனத்தின் கிட்ஸ்ஹெல்த் ஸ்பானிஷ் பக்கங்கள், பெற்றோருக்கும் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பதால், மெட்லைன்ப்ளஸைவிட இதமாகப் பேசுகின்றன; நூலகமும் அவற்றைத் தயங்காமல் சுட்டுகிறது. மேயோ கிளினிக்கின் ஸ்பானிஷ் பக்கங்களும் நன்று.

இவ்வளவு இருந்தும், தேவைப்படுகிறவர்களில் எத்தனை பேர் தாமாக இங்கே வந்து சேர்கிறார்கள் என்ற கேள்வி எஞ்சுகிறது. நூலகமும் இதை ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தது. டெக்சாஸின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில், மெர்சிடஸ் என்ற ஊரில் மருத்துவப் படிப்புக்கு மாணவர்களைத் தயார்செய்யும் உயர்நிலைப் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே நூலகத்தின் நிதியுதவியோடு, மாணவர்களே சக மாணவர்களுக்கும் அவர்கள் வழியாக வீட்டுப் பெரியவர்களுக்கும் மெட்லைன்ப்ளஸைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும் திட்டம் 2001 வாக்கில் தொடங்கப்பட்டது. எல்லைப்புறக் குடியிருப்புகளில் வீடு வீடாகச் செல்லும் ப்ரொமொத்தோரா எனப்படும் பெண் நலப் பணியாளர்களுக்கும் இப்படிப் பயிற்சிகள் நடந்திருக்கின்றன. காத்திருப்பு அறைகளில் வைப்பதற்கென்று 2009ல் சலூத் என்ற பெயரில் இருமொழி இதழ் ஒன்றும் வந்தது. இவற்றைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, இந்தத் தளத்தின் உண்மையான வாசகர் பெரும்பாலும் நோயாளி அல்ல, நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர் என்பதே. அப்படிக் கொண்டால் முன்னே சொன்ன மொழிப் பொத்தானின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

மருத்துவமனை மென்பொருள்களுக்காக 2010ல் தொடங்கப்பட்ட மெட்லைன்ப்ளஸ் கனெக்ட் இந்தப் ‘பக்கத்தில் இருப்பவர்’ வேலையைக் கணினிக்குத் தருகிறது. நோயாளியின் பதிவேட்டில் உள்ள நோய்க் குறியீட்டையோ மருந்துக் குறியீட்டையோ அனுப்பினால், அதற்குப் பொருத்தமான பக்கத்தை ஆங்கிலத்திலோ ஸ்பானிஷிலோ திருப்பித் தரும்; கட்டணம் இல்லை. நோயாளி எதையும் தேட வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு, ஆனால் மருத்துவமனையின் பதிவேட்டில் நோயாளியின் மொழி சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே ஸ்பானிஷ் பக்கம் வந்து சேரும், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடும் பதிவு மேசைகள் எங்கும் உண்டு. இன்னொன்று: தலைப்புப் பக்கங்களில் நூலகம் எழுதிய சுருக்கங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் கலைக்களஞ்சியமும் மருந்துத் துண்டறிக்கைகளும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை, அவற்றை அப்படியே நகலெடுத்துத் தம் மென்பொருளில் ஏற்றிக்கொள்ள முடியாது, இணைப்புத் தருவதே வழி.

அரசியல் சூழலையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆங்கிலம் சரிவர அறியாதவர்களுக்கு அரசுச் சேவைகள் எட்ட வேண்டும் என்று 2000 ஆகஸ்டில் அதிபர் கிளின்டன் பிறப்பித்த ஆணை, 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை அமெரிக்காவின் ஆட்சிமொழியாக அறிவித்த ஆணையால் ரத்தானது. அதற்கு முன்பே, ஜனவரியில், வெள்ளை மாளிகையின் ஸ்பானிஷ் தளம் மூடப்பட்டுவிட்டது. 1557ஆம் பிரிவு இன்னும் சட்டமாக இருக்கிறது, ஆனால் அது சிகிச்சை தருவோரைக் கட்டுப்படுத்தும் சட்டம். ஒரு நூலகம் தன் பக்கங்களை இன்னொரு மொழியில் புதுப்பித்துக்கொண்டே இருப்பதற்கு வேண்டிய பணத்துக்கு அது உத்தரவாதம் தராது. ஆங்கிலப் பக்கம் திருத்தப்பட்டு ஸ்பானிஷ் பக்கம் பழைய நிலையிலேயே நின்றுவிட்டால், இச்சேவையின் அடித்தளமான அந்த வரிக்கு வரி ஒற்றுமை மெல்லக் கலையத் தொடங்கும். அப்போது வெளியே எந்த அறிவிப்பும் இருக்காது. ஆகவே ஒரு பக்கத்தை நோயாளிக்கு அனுப்புவதற்கு முன், இரு மொழிகளிலும் அடியில் உள்ள தேதிகளை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பார்த்தபின் முகப்பு முகவரியைச் சொல்லி அனுப்பாமல், வேண்டிய பக்கத்தையே திறந்து மொழியை மாற்றி நோயாளியின் கைபேசியில் சேமித்துக் கொடுங்கள். காய்ச்சல் மருந்து பற்றிய பக்கமானால், ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகள் என்னென்ன என்பதை மொழிபெயர்ப்பாளர் வழியாக வாய்விட்டே கேட்டுவிடுங்கள்.